ஒரு தாய், இரண்டு தேதி

"உங்க தங்கச்சிக்கு மட்டும் எப்படி லண்டன் பாஸ்போர்ட் கிடைச்சுது? ஒரே வயித்துல பிறந்த உங்களுக்கு ஏன் இல்லே?"

இந்த இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. காய்கறிக்காரியே கேட்டுவிட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் 1952-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தவர்களிடம் அவ்வளவு தூரம் போக முடியுமா? எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொன்ன மாதிரி ஆகும். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள்தான். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், ஒவ்வொரு காகிதமாக அலைந்து தேடியதால், கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தாத்தா டாக்டர். அம்மாவைப் பெற்ற அப்பா. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்க 1951-ல் லிவர்பூல் போனார். அந்த நோய்களுக்கென்றே 1898-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. தாத்தா தனியாகப் போகவில்லை, ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். பாளையங்கோட்டையைத் தாண்டி மதுரைகூடப் பார்த்திராத ஆச்சி பம்பாயில் கப்பல் ஏறினாள். படிப்பு முடிந்தும் தாத்தா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1952 நவம்பரில் அம்மா பிறந்தாள். 1954-ல் மூன்று பேராக ஊர் திரும்பினார்கள்.

யுத்தம் முடிந்து ஏழு வருஷம் ஆகியும் அங்கே ரேஷன் தீரவில்லையாம். சர்க்கரைக்கு ரேஷன், வெண்ணெய்க்கு ரேஷன், மாமிசத்துக்கு ரேஷன். நாங்கள் சைவம். மாமிசம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதிலாகக் கூடுதலாகச் சீஸ் கொடுப்பார்களாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "துணி துவைக்கிற கட்டியை எதுக்கு இவ்வளவு கவனமா நிறுத்துக் குடுக்கான்?" என்று ஆச்சி கேட்டாளாம். பிரசவத்துக்குக் காசு வாங்கவில்லை. 1948-லிருந்தே அங்கே அரசாங்க வைத்தியம் இலவசம். கைக்குழந்தைக்கு ஆரஞ்சுச் சாறு ஒரு பாட்டில், மீன் எண்ணெய் ஒரு பாட்டில் என்று சலுகையில் கொடுப்பார்கள். ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்து, எண்ணெய் கொடுத்தாயா என்று விசாரிப்பாளாம். ஆச்சி சாற்றைக் கொடுத்தாள். எண்ணெயை விளக்குக்கு ஊற்றலாமா என்று தாத்தாவிடம் கேட்டாள். ஆச்சி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த குறை ஒன்றுதான்: குழந்தையின் துணி அந்த ஊரில் காயவே காயாது. வாசலில் இரும்புக் கம்பிப் படிக்கட்டில் போட்டுப் பார்ப்பாளாம். பிறகு கணப்பு அடுப்புக்கு முன்னால் போட்டு, புகை வாடையோடு எடுத்துக் கட்டுவாளாம்.

எங்களுக்கு இதெல்லாம் ராத்திரிக் கதை, அவ்வளவுதான். அம்மாவும் பாளையங்கோட்டையில் படித்து, 1975-ல் கல்யாணமாகி, என்னை 1979 அக்டோபரிலும் தங்கையை 1984 மார்ச்சிலும் பெற்றாள். 'லண்டன்காரி' என்று சித்தப்பாமார் கேலி செய்வார்கள். லிவர்பூல் வேறு லண்டன் வேறு என்று அம்மா திருத்துவாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

2019-ல் தங்கையின் கணவர் தவறிப் போனார். அவள் கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 2011 நவம்பரில் பிறந்த ஒரே மகள். வருகிற சம்பளத்தில் வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று, தன்னோடு படித்து இப்போது இங்கிலாந்தில் இருக்கும் சிநேகிதியிடம் 2022-ல் பேசியிருக்கிறாள். பேச்சுவாக்கில், "எங்க அம்மாகூட அங்கேதான் பிறந்தா" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் உடனே, "உன் பிறந்த தேதி என்ன?" என்று கேட்டாளாம். வேலையைப் பற்றிப் பேசும்போது இவள் எதற்கு ஜாதகம் பார்க்கிறாள் என்று தங்கைக்குப் புரியவில்லை.

விஷயம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானே மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

1983-க்கு முன்பு அந்த மண்ணில் பிறந்த குழந்தை, வெளிநாட்டுத் தூதர் வீட்டுக் குழந்தையாக இல்லாவிட்டால், அந்த நாட்டுக் குடிமகன் அல்லது குடிமகள். தாத்தா தூதர் இல்லை, படிக்கப் போனவர். ஆகவே அம்மா பிறந்த நிமிஷத்திலேயே பிரிட்டிஷ் குடிமகள். இந்தியாவுக்கு வந்ததாலோ கல்யாணம் செய்ததாலோ அது போய்விடவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் போகும். அப்படி அம்மா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தாத்தா இந்தியர் என்பதால் இந்தியக் குடியுரிமையும் பிறப்பிலேயே உண்டு. எழுபது வருஷம் ரசம் வைத்துக்கொண்டு இருந்தவள், தனக்கே தெரியாமல் இரண்டு நாட்டுக்காரியாக இருந்திருக்கிறாள்!

சரி, அம்மாவுக்கு இருப்பது பிள்ளைகளுக்கு வருமா? இங்கேதான் சங்கடம். 1949 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அவர்கள் சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் வழியாக மட்டும்தான் குடியுரிமை போகும். தாயிடமிருந்து போகாது. பத்து மாசம் சுமந்தவளுக்குக் கொடுக்க உரிமை இல்லை! 1983 ஜனவரி 1-ஆம் தேதி புதுச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குத் தாயும் ஒன்றுதான், தகப்பனும் ஒன்றுதான். 1984-ல் பிறந்த தங்கை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முதல் அழுகை அழுதபோதே பிரிட்டிஷ் குடிமகள். யாரும் மனுப் போடவில்லை, யாரும் கொடுக்கவில்லை, அதுவாகவே வந்துவிட்டது. 1979-ல் பிறந்த எனக்கு இல்லை.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியத் தாய் வழியாக இந்தியக் குடியுரிமை வரலாம் என்று நம் சட்டம் சொன்னது 1992 டிசம்பர் 10-லிருந்துதான். அதற்கு முன்னால் இங்கேயும் தகப்பன் வழிதான்.

இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோது, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, ரெண்டு பேரையும் நான்தானே பெத்தேன்? இதுல என்னட்டி வித்தியாசம்?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என்னைப் போன்றவர்களுக்குப் பிறகு வழி செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1979 பிப்ரவரி 7-ல், அந்த நாட்டில் பிறந்த தாய்மார்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட தங்கள் பிள்ளைகளைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவர்களுடைய பார்லிமென்டில் அறிவித்தார்கள். அன்றைக்கு அங்கே அறிவித்தது பாளையங்கோட்டைக்கு யார் வந்து சொல்வது? 2003-ல், அந்த அறிவிப்பு நாளில் பதினெட்டு நிரம்பாதவர்களாக இருந்தவர்கள், அதாவது 1961 பிப்ரவரி 7-க்குப் பிறகு பிறந்தவர்கள், பெரியவர்களான பின்பும் பதிவு செய்துகொள்ளலாம் என்று திருத்தினார்கள். 2010-ல் அதை அந்தத் தேதிக்கு முன்பு பிறந்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆகவே எனக்கும் உரிமை உண்டு. ஆனால் நான் மனுப் போட வேண்டும், அவர்கள் பதிவு செய்ய வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும். தங்கைக்கு நேராகப் பாஸ்போர்ட் மனுதான்.

அந்த மனுவுக்குக் காகிதம் சேர்த்த கதையைக் கேளுங்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் அம்மாவின் லிவர்பூல் பிறப்புச் சீட்டு இருந்தது. அப்பாடா என்று எடுத்தால் அது சின்னச் சீட்டு. பெயர், ஆணா பெண்ணா, தேதி, ஊர், அவ்வளவுதான். தாய் தகப்பன் பெயர் இருக்காது. முழுச் சான்றிதழ்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1837-லிருந்து பிறப்பு இறப்புப் பதிவுகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். லிவர்பூலுக்கு வடக்கே சவுத்போர்ட் என்ற ஊரில் உள்ள தலைமைப் பதிவகத்துக்குப் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். தங்கையின் சிநேகிதி எழுதி வாங்கி அனுப்பினாள்.

அந்தக் காகிதம் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். தகப்பன் பெயர், தகப்பன் தொழில், தாயின் பெயர், தாய் பிறந்த வீட்டுப் பெயர். தாயின் தொழிலுக்குக் கட்டமே இல்லை. கடைசியில், 'தகவல் கொடுத்தவர்' என்ற கட்டத்தில் ஆச்சியின் பெயர்! பிறந்து 42 நாளைக்குள் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி வேலை ஒழிந்திருக்காது. அஞ்சாம் வகுப்புப் படித்த ஆச்சி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, டிசம்பர் குளிரில் அந்த ஆபீசுக்குத் தானே போய்ச் சொல்லிப் பதிந்திருக்கிறாள். சீஸ் கதையை நூறு தடவை சொன்னவள் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்த தலைவலி பெயர். லிவர்பூலில் அம்மா 'லலிதா பிள்ளை'. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். லலிதா'. தங்கையின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் 'லலிதாம்பாள்'. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும்! தாசில்தார் ஆபீசில் 'ஒரே நபர்' சான்று வாங்கினோம். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். தங்கையின் பிறப்புச் சான்றிதழிலோ அவள் பெயரே இல்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. மாநகராட்சியில் மனுக் கொடுத்துப் பெயர் சேர்த்து, இங்கிலீஷில் மொழிபெயர்த்து வாங்கினோம். கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் இன்றைக்கே பீரோவைத் திறந்து, குழந்தையின் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா, உங்கள் பெயரில் எழுத்து சரியா என்று பார்த்துவிடுங்கள். ஆதாரிலும் அதே எழுத்துத்தானா என்றும் பாருங்கள்.

அப்பா அம்மாவின் கல்யாணம் 1975-ல் கோயிலில் நடந்தது. தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கியது 2009-ல்தான். லலிதா பிள்ளைதான் இந்த வீட்டு லலிதாம்பாள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்று, நாற்பத்தெட்டு வருஷம் கழித்து இரண்டு பேரையும் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பக்கத்தில் கழுத்தில் மாலையோடு ஓர் இளஞ்ஜோடி. வரிசையில் நின்ற பையன் ஒருவன் அப்பாவிடம், "தாத்தா, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட வந்தீங்களா?" என்றான். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "இல்லே தம்பி, நான்தான் மாப்பிள்ளை" என்றார். அம்மாவுக்கு வந்த வெட்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் பாஸ்போர்ட்டுக்கு, நம்மை இரண்டு வருஷமாவது தெரிந்த, உறவில்லாத, பொறுப்பான தொழிலில் இருக்கும் ஒருவர் 'இது இன்னார்தான்' என்று உறுதி சொல்ல வேண்டும். தங்கைக்கு அவள் மகளின் பள்ளித் தலைமை ஆசிரியை சொன்னார். 2024 தொடக்கத்தில் பாஸ்போர்ட் வந்தது.

அது வந்தவுடனே ஒன்றை இழக்கவும் வேண்டும். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டு இல்லை. ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் இங்கே வந்து போகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தங்கை பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அவள் துணிந்தது மகளுக்காக. ஆனால் அந்த மகளுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை தானாக வராது! வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றவர்கள், வெளிநாட்டில் பிறக்கும் தங்கள் பிள்ளைக்கு அதைச் சாதாரணமாகக் கடத்த முடியாது. ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். தங்கையிடம் இதைச் சொன்னதும் அழுதே விட்டாள். அப்புறம் விசாரித்ததில் வேறு வழி இருந்தது. தகப்பன் இறந்துவிட்ட குழந்தை, அங்கே குடியிருக்கப் போகும் தாயோடு நிரந்தரமாகத் தங்க விசா கேட்கலாம். தாயும் மகளுமாக அங்கே மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டால், பதினெட்டு வயதுக்குள் மனுப் போட்டு, மகளைப் பிரிட்டிஷ் குடிமகளாகப் பதிவு செய்துகொள்ளலாம். இந்த மூன்று வருஷத்தில் மொத்தம் 270 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது. குழந்தைக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. பதினைந்து வயதுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாக வரும். பத்தாவது முடித்துவிட்டு அனுப்பலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்ன யோசனையை இந்தக் கணக்கைக் காட்டித்தான் தங்கை மறுத்தாள். 2024 ஜூனில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். மான்செஸ்டரில் இருக்கிறார்கள். தங்கை குடிமகள் என்பதால் வேலை கொடுப்பவர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பிசியோதெரபிஸ்டாகப் பதிவு கிடைக்கும் வரை ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். கஷ்டமான வேலைதான். 2027 ஜூனில் மூன்று வருஷம் முடியும். அப்போது மகளுக்குப் பதினைந்தரை வயது இருக்கும்.

சரி, நான்? என்னை எல்லோரும் கேட்பது இதைத்தான். என் மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது, உறுதிமொழி விழாவுக்கு மட்டும்தான் பணம். என் பெரிய மகன், "அம்மா, நீ வாங்கினா எனக்கும் வருமா?" என்று ஆவலாகக் கேட்டான். அவனும் தம்பியும் இங்கேயே பிறந்தவர்கள், வராது என்றேன். "அப்ப சரி" என்று மட்டையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான். என் வீட்டுக்காரரோ, "ஓசியில கிடைக்குதேன்னு அதை வாங்கிட்டு, இங்கே இருக்கிறதுக்கு ஓ.சி.ஐ. வாங்கணுமாக்கும்?" என்று சிரித்தார். தங்கைக்கு அது சோறு. எனக்கு அது ஒரு புத்தகம், அதற்காக என் ஓட்டையும் என் பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டும். மாமியாருக்கு வேளைக்கு மருந்து கொடுக்கவும், அப்பாவின் நஞ்சைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்கவும் எனக்கு அந்தப் பாஸ்போர்ட் தேவையில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இந்தப் பதிவுக்கு வயது வரம்பு இல்லையாம். மனுத்தாள் பீரோவில் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது.

ஆனால் ஒன்று, உரிமை உண்டு என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது வேறு. உன் தாய் கணக்கில் சேர்த்தி இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டுக்கொள்வது வேறு. எனக்கு இரண்டாவதுதான் உறுத்தியது. அது இப்போது இல்லை.

அம்மாவுக்கு லிவர்பூலைப் பார்க்க ஆசை. பிரிட்டிஷ் குடிமகள் தன் நாட்டுக்கே சுற்றுலா விசா கேட்க முடியாதாம்! பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வசிக்கும் உரிமை உண்டு என்று ஒரு சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கு 2025-ல் 589 பவுண்டு, ஏறக்குறைய 70,000 ரூபாய். "அந்தக் காசுக்கு நானும் அப்பாவும் காசிக்கே ரெண்டு தரம் போயிட்டு வந்திருவோம்" என்றாள் அம்மா.

போன மாசம் பள்ளி விடுமுறையில் தங்கையும் மகளும் சான்றிதழில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு லிவர்பூல் போயிருக்கிறார்கள். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாதாம். வீடு இன்னும் இருக்கிறது. கதவு பச்சை வர்ணம், யாரோ குடியிருக்கிறார்கள். வெளியே நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை என் கையில் கொடுத்து, "இதைப் பெரிசாக்கிக் காட்டு" என்றாள். கதவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. வாசலில் இரும்புக் கம்பிப் படிக்கட்டு இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது.